முழங்கால் உயரத்து மெயின் பெட்டி

பைமின் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டுதான் மெயின் பெட்டியின் மூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்கு மின்சாரம் வந்த நாளில் பெட்டி ஆள் உயரத்தில் இருந்தது. செமாராங் துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள அந்தச் சந்தில் கடல் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்தது. துமிராவும் அவள் கணவன் கர்சோனோவும் மூன்று முறை செங்கல் உடைசலும் மணலும் கொட்டித் தரையை உயர்த்தினார்கள். கூரை உயரவில்லை. இப்போது வாசலில் குனியாமல் எவரும் நுழைய முடியாது; பெட்டி முழங்கால் உயரத்தில் நின்றது. அதை மேலே மாற்ற, பக்கத்து வீட்டிலேயே இருந்த வீட்டுக்காரர் சோபிரின் சம்மதிக்கவில்லை. சுவர் பழையது, துளை போட்டால் இடிந்துவிடும் என்று சொல்லிவிட்டார்.

துமிரா கைவிளக்கைப் பிடித்தபடி குந்தியிருந்தாள்.

"இந்தப் பக்கம் காட்டுக்கா. உள்ள பூனை குட்டி போட்ட மாதிரி கெடக்கு" என்றான் பைமின். படகுகளுக்கு விளக்கு மாட்டுகிற எலக்ட்ரீஷியன் அவன்.

"குட்டி இருந்தா நீ கொண்டுபோய் வளத்துக்க. எனக்கு சுவிட்சு மாட்டினாப் போதும்."

பெட்டிக்குள் இருந்தவை இரண்டு பீங்கான் ஃபியூஸ்கள் மட்டுமே. அவை ஒயரை எரியாமல் காக்கும், ஆளைக் காக்கா. போன மாதம், வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றபோது, கர்சோனோ துவைக்கும் மெஷினின் மூடியைத் திறந்தான். கரண்டு பாய்ந்து கை ஒட்டிக்கொண்டது. துமிரா துடைப்பக் கட்டையால் அடித்து அவனைப் பிரித்தாள். உயிர் தங்கியது, வலது கையில் மூன்று விரல்கள் மடங்குவதில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவன், துமிரா துவைக்கும் இறால் தொழிற்சாலைச் சீருடைகளை இப்போது இடது கையால் மடித்து அடுக்குகிறான். ஆளைக் காக்கும் புதுச் சுவிட்சு வராமல் அந்த மெஷின் ஓடாது என்று துமிரா அன்றே சொல்லிவிட்டாள். இருபத்தெட்டு நாள்கள் எல்லாவற்றையும் கையாலேயே துவைத்தாள்.

"போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கணும். கொஞ்சம் கொறஞ்சாலும், எவன் மேலயோ பாயுதுன்னு இது கண்டுபிடிச்சு, கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள தானா விழுந்து கரண்டை நிறுத்திடும்" என்றான் பைமின்.

மெஷினின் நைந்த ஒயரை மாற்றி, அதன் உடலிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, வெளியே சேற்றில் அடித்த செம்புக் கோலில் முறுக்கினான். பிறகு புதுச் சுவிட்சைச் சுவரில் பொருத்திச் சோதனைப் பொத்தானை அழுத்தினான். சுவிட்சு 'டக்'கென்று விழுந்தது. துமிரா மேலும் இரண்டு முறை அழுத்தச் சொன்னாள். இரண்டு முறையும் விழுந்தது.

மெஷின் ஓடியது. கர்சோனோ துணி மடிக்கும் மூலையில் மூவரும் காப்பி குடித்தார்கள். பிற்பகல் கடல் ஓதம் ஏறிச் சந்தில் தண்ணீர் தலைகாட்டியபோது, யாரும் தொடாமலே சுவிட்சு விழுந்தது.

தூக்கிவிட்டார்கள், விழுந்தது. மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார்கள், ஃபிரிட்ஜை நிறுத்தினார்கள், விளக்கை அணைத்தார்கள். அப்போதும் விழுந்தது.

"பழுதான சரக்கை வாங்கிட்டு வந்துட்டியா?" என்றாள் துமிரா.

"இரு அக்கா. நல்லாக் கேளு." பைமின் மறுபடி தூக்கினான். சுவருக்கு அப்பால் ஏதோ ஒன்று அரை நொடி உறுமி அடங்கியது.

அந்த உறுமலைத் துமிரா அறிவாள். சோபிரினின் முற்றத்தில் ஓதநீர் தேங்கியதும் தானே ஓடத் தொடங்கும் பம்பு அது. முற்றத்துத் தண்ணீரை இறைத்து, துமிராவின் வாசலை ஒட்டிய குழாய் வழியே சந்தில் கொட்டும்.

பைமின் பெட்டியின் முதுகுக்குள் விரலை விட்டு, சுவருக்குள் புகும் கறுப்பு ஒயர் ஒன்றை நெம்பி எடுத்து, டெஸ்டரை வைத்துப் பார்த்தான். "போற லைன் உன் பெட்டியிலேருந்து. திரும்பற லைன் அவரு வீட்டுல. அதான் கணக்கு ஒதைக்குது."

பௌர்ணமி வாரங்களில், முன்பணம் கட்டி ஓட்டும் மீட்டர் காசு தீர்ந்துவிட்டதென்று சீக்கிரமே கீச்சிடும். கடல் ஏறும்போது கரண்டையும் குடிக்கிறது என்று சந்துப் பெண்கள் சொல்வார்கள். துமிராவும் அதை நம்பி, ஆறு ஆண்டுகளாகப் பிளக்குகளில் படிந்த உப்பைத் துணியால் துடைத்து வந்தாள்.

"கடல் இல்ல" என்றாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. வெட்டு."

"வெட்டினா மனுசன் வந்து நிப்பாரு."

"வரட்டும். குனிஞ்சுதான வரணும்."

பைமின் மெயினை நிறுத்தி ஒயரை வெட்டி, முனையில் டேப் சுற்றினான். மெயினைப் போட்டுச் சுவிட்சைத் தூக்கினான். அது நின்றது.

சோபிரின் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, குனிந்து உள்ளே வந்தார்.

"யாரைக் கேட்டுப் பெட்டியில கை வச்சீங்க?"

"உங்க பம்பு எங்க கரண்டுல ஓடிக்கிட்டு இருந்துச்சுங்கய்யா" என்றாள் துமிரா.

"அது எங்கப்பா காலத்து ஒயரு. அப்ப ரெண்டும் ஒரே வீடு." அவர் ஒயரைப் பார்க்கவில்லை, சுவிட்சைப் பார்த்தார். "இதைக் கழட்டிட்டுப் பழையபடி மாட்டு. இத்தனை வருசத்துல இங்க யாரு செத்தா?"

"சாகலை. அவரு கையைப் பாருங்க."

மூலையில் கர்சோனோ, மடித்து வைத்த சீருடையின் மேல் வலது கையை வைத்திருந்தான். சோபிரின் திரும்பவில்லை.

"பழைய மாதிரி ஆகலைன்னா, பெருநாள் முடிஞ்சதும் வேற எடம் பாத்துக்குங்க. போறப்ப சுவிட்சு இங்கயே இருக்கணும். என் சுவத்துல அடிச்சது என் வீட்டோட சேந்தது. இந்தத் தரை மாதிரி."

துமிரா தரையைப் பார்த்தாள். "தரையை எடுத்துட்டுப் போக முடியாதுங்கய்யா" என்றாள்.

அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் போனார்.

"கழட்டிடவா?" என்று பைமின் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"கழட்டு."

கர்சோனோ தலையை நிமிர்த்தினான். துமிரா பின்கட்டுக்குப் போய், சீருடைக் காலர்களைத் தேய்க்கும் மாம்பலகையைத் துடைத்து எடுத்து வந்தாள்.

"இதுல மாட்டு. ஒயரை ரெண்டு முழம் நீளமா விடு. மேல ஒரு ஓட்டை போட்டு ஆணியில தொங்க விட்டுடு."

"சுவத்துல ஆணி?"

"ஆணி அவரே வச்சுக்கட்டும்."

பைமின் சிரித்துக்கொண்டே துளையிட்டான். இம்முறை பலகை தலைக்குச் சமமான உயரத்தில் தொங்கியது.

மாலைத் தொழுகைக்கு முன்பே சோபிரின் தம் வீட்டிலிருந்தே பம்புக்குப் புது ஒயர் இழுத்துவிட்டார். சுவருக்கு அப்பால் பம்பு உறுமியது. சுவிட்சு அசையவில்லை. வாசலோரக் குழாய் இருமுறை செருமிவிட்டு அவருடைய முற்றத்துத் தண்ணீரைக் கக்கியது. தண்ணீர் முதல் படியை மூடியது. இரண்டாவதையும் மூடி, அவர்கள் மூன்று முறை உயர்த்திய தரைமேல் பரவியது. கர்சோனோ மடித்த துணிகளை இடது கையால் மேல்தட்டுக்கு ஏற்றினான். துமிரா ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று, ஈரக் கையை ஓடிக்கொண்டிருந்த மெஷினின் மூடியின்மேல் வைத்து அழுத்தி, அது ஓடி முடியும்வரை எடுக்காமல் இருந்தாள்.