பூஜ்ஜியம் நாள்

மனு வந்த நாளிலிருந்து தீர்வு கிடைத்த நாள்வரை எத்தனை நாள் ஆகிறது என்பதை வைத்து ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களுக்கு மாதாமாதம் தரவரிசை போடுகிறார்கள். திண்டிவனம் பக்கத்தில் ஓர் அலுவலகம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. அதன் சராசரி பூஜ்ஜியம் நாள். மக்கள் குறை சொல்ல வாய் திறப்பதற்குள் தீர்த்துவிடுகிறார்கள் போலும் என்று மேலிடத்தில் வியந்தார்கள்.

அப்படியெல்லாம் இல்லை. மனு கணினியில் ஏறும் நாளைத்தான் அது வந்த நாளாகக் கணக்கில் எடுப்பார்கள். ஆகையால் வேலை முடிந்த பிறகே மனுவை ஏற்றுவது என்று அங்கே உதவியாளர் சகாயராஜ் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முடியாத வேலைகளின் மனுக்கள் அவர் மேசைக்குக் கீழே ஒரு முறுக்கு டின்னில் இன்னும் பிறக்காமல் கிடந்தன.

இருதயமேரியின் மனுவும் அதற்குள்தான் இருந்தது. அவள் தெருவில் விளக்கு எரியவில்லை. மகள் ஜெசிந்தா புதுச்சேரி கம்பெனியில் வேலை முடிந்து, பஸ் இறங்கி, அந்த இருட்டில்தான் நடந்து வர வேண்டும். போன வாரம் ஒரு பாம்பு அவள் காலை உரசிக்கொண்டு போனது. அன்றிலிருந்து வேலையை விட்டுவிடுகிறேன் என்கிறாள்.

"சார், மனுவுக்கு நம்பர் குடுங்க."

"நம்பரு வேலை முடிஞ்சதும் வரும்மா."

"வேலை எப்ப சார் முடியும்?"

"நம்பர் வந்துச்சின்னா முடிஞ்சிட்ச்சின்னு அர்த்தம்."

"வெளக்கு எரிஞ்சப்புறம் நம்பர வச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது?"

"திருப்தியா இருக்கலாம்மா."

திங்கட்கிழமை இருதயமேரி விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். குறைதீர் கூட்டத்தில் மனுவை வாங்கிய பெண், வாங்கின கையோடு அதைக் கணினியில் ஏற்றி நம்பரும் கொடுத்துவிட்டாள். சகாயராஜின் திரையில் சிவப்பாக ஒரு வரி முளைத்தது.

அவர் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, தெருவிளக்கு மாட்டும் ஆளைக் கூப்பிட்டார்.

"ஏ ராஜ்குமாரு, ஜல்தி ஏணியத் தூக்கு. இன்னைக்கே எரியணும். நாளைக்குப் போச்சின்னா சராசரி கெட்டுடும்."

இரண்டு மாதமாக ஸ்டாக்கில் இல்லாத பல்பு உடனே கிடைத்தது. பொழுது சாய்ந்து இருட்டும்போது தெருவில் விளக்கு எரிந்தது. சகாயராஜ் போனில் படம் எடுத்தார். அப்புறம்தான் நினைவு வந்தது, பணிக்கு முன் ஒன்று, பணிக்குப் பின் ஒன்று என இரண்டு படம் ஏற்ற வேண்டும். பின் இருக்கிறது. முன் இல்லை.

"ராஜ்குமாரு, பல்பக் கழட்டுப்பா."

இருதயமேரி ஏணியின் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னாம்மா இது? ஒரு படம் எடுத்துக்கினு மறுபடி மாட்டிடுவோம்."

"மறுபடி மாட்டுற ஆளுங்களா சார் நீங்க? நான் எழுந்திரிக்க மாட்டேன்."

"படம் இல்லாம மனுவ மூட முடியாதும்மா. பேஜாராப் பூடும்."

"இருட்டுதான வேணும்? அடுத்த தெருவுல எவ்ளோ வேணும்னாலும் இருக்குது. போயி எடுத்துக்கோங்க."

இருட்டில் என்ன வித்தியாசம் தெரிந்துவிடப் போகிறது என்று சகாயராஜுக்கும் பட்டது. அடுத்த தெருவுக்குப் போய், எரியாத கம்பத்தைப் படம் எடுத்து ஏற்றினார். இரண்டாவதாக இந்தத் தெருப் படத்தை ஏற்றியதும், இரண்டும் ஒரே இடத்தில் எடுத்தவை அல்ல என்று போன் சொன்னது. முதல் படத்தை இனி மாற்ற முடியாது. இரண்டாவதை வேண்டுமானால் முதல் படம் எடுத்த இடத்திலேயே மறுபடி எடுக்கலாம்.

"ராஜ்குமாரு, இன்னொரு பல்பு கீதா?"

"ஸ்டாக்ல இல்ல சார். நம்ம ஆபீஸ் வாசல்ல ஒண்ணு எரியுது."

"போய்க் கழட்டிக்கினு வா."

ராஜ்குமார் பல்போடு வந்துவிட்டான். இருதயமேரி ஏணியை விட்டு நகரவில்லை.

"எழுந்திரும்மா, அந்தத் தெருவுக்கு ஏணி வேணும்."

"எம்பொண்ணு வரட்டும் சார். நீங்க போனப்புறம் இது எரியுதா அவியுதான்னு யாருக்குத் தெரியும்?"

"எப்பம்மா வரும் உம் பொண்ணு?"

"பஸ்ஸு வந்தா வரும்."

சகாயராஜ் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எந்த பஸ் சத்தம் கேட்டாலும் இரண்டடி முன்னால் போய்ப் பார்த்தார். கடைசியில் கையில் டிபன் பையோடு ஜெசிந்தா தெருவுக்குள் திரும்பினாள். வெளிச்சத்தைக் கண்டதும் அவள் நடை மெதுவாயிற்று.

"சீக்கிரம் வாம்மா" என்றார் சகாயராஜ்.