ரோஹானாவைக் குளிப்பாட்டியவள்

1

மனிதனைப் பற்றிச் சூஃபிகள் சொல்வதைக் கட்டுரையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனத்துக்கு, அவர்கள் சொல்லும் நஃப்ஸுக்கு, மூன்று நிலைகள்: தீமைக்கு ஏவுவது, தன்னையே கடிந்துகொள்வது, அமைதி அடைவது. உதாரணத்துக்கு ஒருத்தி தேவைப்பட்டாள். நூர்ஜான் வந்தாள். கட்டுரை அதோடு நின்றுபோயிற்று.

2

1927. கடலைப் போலக் கொந்தளிக்கும் மனத்தோடு நூர்ஜான் பினாங்குத் துறைமுகத்தில்…

(வேண்டாம். ஏழு நாள் கப்பலில் வாந்தி எடுத்தவளுக்குக் கடல் உவமையாகத் தோன்றாது.)

நேராகச் சொல்கிறேன். கணவன் முகம்மது கனியைத் தேடி நாகூரிலிருந்து வந்தாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு அருகே அவன் வீட்டில் ரோஹானா என்ற மலாய்க்காரி இருந்தாள்; அவனுடைய இன்னொரு மனைவி. இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நூர்ஜான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தொழுகைப் பாயில் உட்கார்ந்து, துஆவில் "இவளை எடுத்துக்க, ரப்பே" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு காய்ச்சல். மூன்றே நாளில் ரோஹானா இறந்தாள்.

3

(இந்த இடத்தில் நூர்ஜானைக் கொஞ்சம் நல்லவளாக்கப் பார்த்தேன். அவள் சம்மதிக்கவில்லை.)

இறந்த பெண்களின் உடலைக் குளிப்பாட்டும் சலேஹா, ரோஹானாவின் மையத்தைக் குளிப்பாட்ட வந்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்ற இன்னொரு பெண் வேண்டும். ரோஹானாவின் தாய் தீவின் மறுகோடியில், பாலிக் புலாவில் நடமாட்டமில்லாமல் கிடந்தாள்; வேறு யாருமில்லை.

"வாளியத் தூக்குலா," என்றாள் சலேஹா.

நூர்ஜான் நகரவில்லை. "நான் துஆ கேட்டுத்தான் அக்கா இவ மௌத்தாப் போனா."

சலேஹா நிமிர்ந்து பார்த்தாள். "நீ கேட்டா நடந்துருமா? அப்படின்னா எம் புருசன் என்னைக்கோ போயிருப்பான். தூக்கு."

நூர்ஜான் ஊற்றினாள். முதல் குவளை ரோஹானாவின் தோளில் விழுந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து அந்த முகத்திடம் முதல்முறையாகப் பேசினாள்:

"சுடுதா? ஆத்தவா?"

அவள் விம்மி விம்மி

(அடித்துவிட்டேன். அழுதாளோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.)

4

மூன்றாம் நிலையை எழுத வேண்டிய இடம் இது. கனியோடு புது வாழ்வு? ஊர் திரும்பும் கப்பல்? இரண்டும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் பொம்மையாக நின்றாள்.

அவளாகச் செய்தது இதுதான்: அடக்கம் முடிந்த மறுநாள் காலை, பாலிக் புலாவுக்கு மாட்டு வண்டி பிடித்தாள்.

"மௌத்துச் செய்திதான் போயாச்சே, நீ எதுக்குப் போறே?" என்றான் கனி.

"நான் கேட்ட துஆ போகலியே."

தாய் பாயில் படுத்திருக்கிறாள். நூர்ஜானுக்குத் தெரிந்த மலாய் பத்து வார்த்தை. அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். கிழவி மெல்லக் கையைத் தூக்குகிறாள், அணைக்கவா, அறையவா?

அந்தக் கையை நான் அசைக்க மாட்டேன். அது இப்போது உங்களுடையது.