பதினெட்டு நொடி

...யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று முதலில் குறித்துக்கொள்வதுதான் அவள் வழக்கம், இல்லாவிட்டால் நாளைக்கு ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், ஆகவே, ஜன்னலோரம் மின்விசிறிக்கு நேர் கீழே ஸ்பான்சர் கம்பெனியின் விளம்பர மேலாளர், அவருக்கு எதிரே நாற்காலியின் நுனியில் தம்பி, கதவருகே பிரம்பு மோடாவில் தம்பி மனைவி, தரையில், பிரித்துப் போட்ட ஆரஞ்சு நிற மிதவைக் குவியலுக்குப் பக்கத்தில், சம்மணமிட்டுக் காத்துக்காரர், அதாவது கப்பல்களின் உயிர்காப்பு மிதவைகளைப் பிரித்துச் சோதித்து கேஸ் நிரப்பித் தரும் பட்டறைக்காரர், துறைமுகத்தில் அவருக்கு அதுதான் பெயர், மேஜையின் தலைமாட்டில் அவள், அக்கா, தம்பி பாய்மரப் படகில் போகப்போகும் பயணத்துக்காக மூன்று வருடமாக ஸ்பான்சர்களுக்குக் கடிதங்களை எல்லாம் எழுதுகிறவள். அப்போது மணி மூன்று பத்து. இப்போது எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள், நாற்காலிகள் மட்டும் உட்கார்ந்திருக்கின்றன, கூரியர் கடை ஐந்தரைக்குச் சாக்கைக் கட்டிவிடும், அதற்குள் எழுதியாக வேண்டும், எதை எழுத?

காத்துக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "இதுல காத்து ஒரு நாளும் இருந்ததில்லம்மா. சிலிண்டர் உள்ளே பளபளன்னு இருக்கு பாருங்க, கேஸ் பட்ட இடம் இப்படி இருக்காது. தையலும் சும்மா பசை. கண்காட்சியில கண்ணாடிக்குப் பின்னால வைக்கிற பொம்மை இது. உயிர் காக்காது, ஸ்டிக்கர் மட்டும் எட்டு இருக்கு." மேலாளர் சிரித்தார், கோபப்படாதவர்களின் சிரிப்பு, பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார், அவள் கையெழுத்து, அவள் அனுப்பிய நன்றிக் கடிதம். "எழுதினது நீங்கதானே மேடம்? 'கயிற்றை இழுத்தோம், பதினெட்டு நொடியில் மிதவை முழுவதுமாக விரிந்தது.' விரிச்சா கேஸ் தீர்ந்துடும். திரும்ப நிரப்பி மடிக்க வேண்டியது உங்க பொறுப்பு. கண்டபடி மடிச்சா தையல் விடத்தானே செய்யும்?" என்ன பதில் சொல்வாள்... விரிக்கவே இல்லை என்றா, பெட்டியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை என்றா, வந்த அன்று தம்பி அதைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தான், போட்டோ எடுத்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டது, நன்றிக் கடிதம் என்றால் நாலு பத்தி, பொருள் வந்து சேர்ந்தது, பயன்படுத்திப் பார்த்தோம், படம் இணைத்துள்ளோம், நன்றி, இரண்டாவது பத்தி இல்லாவிட்டால் கொடுத்தவர் மனசு நிறையாது, பொருள் வந்து மூன்று நாளைக்குள் கடிதம் போய்விட வேண்டும். திசைகாட்டிக்கு அப்படித்தான் எழுதினாள், வயர்லெஸ்ஸுக்கு, மழைக்கோட்டுக்கு, நங்கூரத்துக்கு, நாற்பத்து மூன்று கடிதம், எல்லாவற்றிலும் 'பயன்படுத்திப் பார்த்தோம், சிறப்பாக உள்ளது'. மிதவையை எப்படிப் பயன்படுத்திப் பார்ப்பது? கயிற்றை இழுத்தால் ஒரே தடவைதான் விரியும், பிறகு பட்டறைக்குத்தான் போக வேண்டும், அது அவளுக்கும் தெரியும், தெரிந்தும், பத்தி காலியாக இருக்கிறதே என்று கம்பெனியின் விளக்கப் புத்தகத்தைப் புரட்டி அதிலிருந்தே அந்தப் பதினெட்டு நொடியை எடுத்துப் போட்டாள், அவர்கள் சொன்னதை அவர்களுக்கே திருப்பிச் சொன்னால் குளிர்ந்துபோவார்கள் என்று. குளிர்ந்துதான் போனார்கள். விளம்பரத்தில் அச்சடித்துவிட்டார்கள், தம்பியின் படம், மேலே பெரிய எழுத்தில் பதினெட்டு, தம்பி அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினான், அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு பெருமை, என் வாக்கியம், என் வாக்கியம் என்று.

மேலாளர் கேட்டது சின்ன விஷயம்தான். மிதவையை நாங்களே விரித்தோம், மறுபடி நிரப்பாமல் விட்டது எங்கள் கவனக்குறைவு என்று ஒரு கடிதம். அது நாளைக் காலை அவர் மேஜைக்கு வந்தால் மத்தியானமே படகுக்கான புதுப் பாய் வண்டியேறும், பாய் தயார், மடித்துக் கட்டி அவர்கள் கிடங்கில் இருக்கிறது. வராவிட்டால், "உங்க கடிதத்துல ஒரு இடம் பொய்ன்னா மத்த இடமும் அப்படித்தானேன்னு எங்க பெரியவர் கேப்பாரு மேடம். அப்புறம் பாய் வராது. எனக்கும் சங்கடம்." வேறு மிதவை கேட்டதற்கு வரும் வருடம் பார்க்கலாம் என்றார். வரும் வருடம். காற்று மாறுவதற்கு இருப்பது ஒன்பது நாள், அதற்குள் புறப்படாவிட்டால் இந்த வருடம் இல்லை, இந்த வருடம் இல்லாவிட்டால் தம்பிக்கு லீவு இல்லை, வேலை இல்லை, படகு நிற்க இடமும் இல்லை.

உண்மையை எழுதிவிட்டால் என்ன? பாய் வராது, பாய் இல்லாமல் எப்படிப் போவான், வீட்டில் இருப்பான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பான், ஆனால் இருப்பான்... இந்த நினைப்பில் அவள் மூச்சு ஒரு நிமிடம் லேசானதுகூட உண்மை, ஆனால் மேலாளர் படியிறங்கிப் போன கையோடு தம்பி சொல்லிவிட்டானே, "பாய் வரலன்னா பழைய பாய் இருக்குல்ல. ஒட்டுப் போட்டுக்கிட்டு போறேன்." காத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பாயா? அதுல போறதுக்குப் பதிலா அதக் கரித்துணியா கிழிச்சுக்கலாம்." தம்பி மனைவி மோடாவிலிருந்து எழுந்திருக்காமலே, "அவருக்குப் போகணும் அண்ணி. எதுல போறார்ங்கிறது அவருக்குக் கணக்கில்ல. ரெண்டு மாசமா வீட்டுலயும் அந்தக் கம்பெனி பனியன்தான், என் புருஷன் நெஞ்சுல யார் பேரு இருக்குன்னு பாத்து பாத்து எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பதற்காகச் சொல்லவுமில்லை.

ஆக, பொய் எழுதினால் புதுப் பாய் உண்டு, மிதவை இல்லை. உண்மை எழுதினால் பாயும் இல்லை, மிதவையும் இல்லை, அவன் அப்படியும் போவான். இதில் எது தம்பிக்கு நல்லது என்று யாரிடம் போய்க் கேட்பது, எந்தப் பள்ளிக்கூடத்தில் இதற்குப் பத்தி பிரித்துக் கொடுத்தார்கள்... தாளை எடுத்து ஓரம் மடித்தாள். தேதி. ஐயா. 'தாங்கள் அன்புடன் அளித்த உயிர்காப்பு மிதவையை நாங்களே விரித்துச் சோதித்தோம். மறுபடி நிரப்பிக்கொள்ளத் தவறியது எங்கள் பிழையே.' கை பாட்டுக்கு அழகாக எழுதிக்கொண்டு போனது, அதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை. 'எந்த இடரிலும் பின்வாங்காத மாலுமி' என்று கடைசிப் பத்தியில் தானாக வந்து விழுந்தது, நாற்பத்து மூன்று கடிதத்திலும் இருக்கிற வரி, யார் இந்த மாலுமி, எப்போது செய்தாள் இவனை? முதல் வருடம் தம்பி, போகலாமா வேண்டாமா என்று இதே மேஜையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவன்தானே, அவள் எழுத எழுத அவன் தோள் நிமிர்ந்தது, கடிதத்தில் இருப்பவனைப் போல நடக்க ஆரம்பித்தான், பேச ஆரம்பித்தான், இனி அவன் வேண்டாம் என்று சொல்ல நினைத்தாலும் எந்த வாயால் சொல்வான்.

மிதவையைக் காத்துக்காரர் மடிக்கவில்லை, "பொம்மைய மடிச்சு என்ன பண்ண" என்று ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார். அதைத் தாண்டிக் கால் வைத்து வாசலுக்கு வந்தபோது தம்பி ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்திருந்தான். கடிதத்தைப் படிக்கிறாயா என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினான். எப்போதும் படிப்பான், காற்புள்ளி வரைக்கும் தகராறு செய்வான், இன்றைக்கு ஏன்... வழியில் இரண்டு சிக்னல், இரண்டிலும் அவன் முதுகு மட்டும் தெரிந்தது, முதுகிலும் கம்பெனி பெயர்.

கூரியர் கடையில் கண்ணாடி போட்ட பெண் உறையை வாங்கி எடை போட்டாள், உள்ளே என்ன என்றாள், கடிதம்தான் என்றதும் ஓரத்தை நீவி ஒட்டினாள், மேலே ஒரு டேப், முத்திரை. தம்பி கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, "நாளைக்குப் போயிடுமா?" என்றான். "காலையில பத்துக்குள்ள போயிடும் சார்." "எப்பவாவது போகாமலும் இருக்குமா... நடுவுல தொலைஞ்சு, இந்த மாதிரி?" அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. "நம்மகிட்ட அப்படி எதுவும் தொலையாது சார்." "ஓ" என்றான் அவன்.

அந்த 'ஓ'. அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள், பயந்துதானே கேட்டான், பாய் வராமல் போய்விடுமோ என்றுதானே, இல்லை, தொலைந்தால் தேவலை என்றா... சின்ன வயதில் ஊசி போட டாக்டர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்து, இருக்கிறார் என்று தெரிந்ததும் விடுவானே ஓர் ஏமாந்த மூச்சு, அதுவா இது, தம்பி, என்று கூப்பிட வாயெடுத்தாள், அதற்குள் அந்தப் பெண் உறையை மற்ற உறைகளோடு சேர்த்துச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டாள், வண்டிக்காரர் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக நடந்தார்.