விடிவதற்கு முன் ஒரு மாத்திரை

கல்மண்டபம் பிரவுசிங் சென்டரில் ரமாபாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. மருத்துவம் மூன்றாம் ஆண்டு. நோயாளியிடம் என்ன கற்றோம், எங்கே தவறினோம் என்பதை மாணவர்கள் இனி இணையத்தில்தான் எழுதிச் சேர்க்க வேண்டும் என்று கல்லூரி அந்த ஆண்டு ஆரம்பித்திருந்தது. இ-போர்ட்ஃபோலியோ என்று பெயர். இன்று கடைசி நாள். ஒருத்தி எழுதியதைப் பாதி வகுப்பு அப்படியே ஒட்டிவிட்டு சினிமாவுக்குப் போய்விட்டது. இவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

எண்ணூர் மீனவர் வேலப்பனைப் பற்றி எழுதினாள். சர்க்கரை வியாதிக்காக வார்டில் இருந்தவர். வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையை விளக்கியது இவள்தான். 'எழுந்ததும் மாத்திரை, அரை மணியில் சாப்பாடு என்று அவருக்குப் புரியும்படி சொன்னேன்' என்று பெருமையாகத் தட்டினாள். அதற்குக் கீழே ஒரு கேள்வி: அடுத்த முறை எதை மாற்றுவீர்கள்?

கை நின்றுவிட்டது. அவர் எழுவது விடிவதற்கு வெகு முன்னால். வெறும் டீயோடு படகு ஏறினால் வலை இழுத்து முடிக்கும்வரை சோறு கிடையாது. வார்டில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். மாத்திரை போட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கும், மயக்கம் வரும். அதுவும் நடுக்கடலில்! அடுத்த முறையாம், மண்ணாங்கட்டி.

"அக்கா, சேவ் பண்ணலியா?" என்று கடைக்கார ஜெஸ்வின் கத்தியபோது அவள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். லாரி நெரிசலில் பஸ் திருவொற்றியூரைத் தாண்டுவதற்குள் பத்து நகத்தையும் கடித்துத் தீர்த்தாள்.

வேலப்பன் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். உயிரோடு பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

"இன்னா டாக்டரம்மா, வூட்டயே தேடிகினு வந்துட்ட? எதுனா பெரிய வியாதியா?"

"அதெல்லாம் இல்ல நைனா. நீ கடலுக்குப் போவலியா?"

"எங்க போறது? ரெண்டு வாட்டி படகுல மயங்கி வுழுந்துட்டேன். வயசாயிடுச்சாம். எம்புள்ள அப்பாவு என்னிய கரையிலயே குந்த வச்சிட்டான்."

"வயசு இல்ல நைனா, நான் சொன்ன நேரந்தான் தப்பு. வெறும் வயித்துல அந்த மாத்திரை மயக்கும். துன்றப்பதான் போடணும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா, பெரிய டாக்டர் மேடம் சரியா மாத்திக் குடுப்பாங்க."

திட்டட்டும் என்று நின்றாள். அவரோ எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார். அவள் கையைப் பிடித்து, மகன் வலை பிரித்துக்கொண்டிருந்த பக்கம் விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போனார்.

"என்னாண்ட சொன்னத அவனாண்டயும் சொல்லு பாப்பா. நான் சொன்னா நம்பமாட்டான்."