வீட்டில் இருந்த ஒரே செல்

அஞ்சல் வழியில் பி.காம். படித்துவந்த அம்சா, மதுராந்தகம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மாணவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் நோட்ஸ் கேட்டு எழுதினாள். கீழே பெயரும் செல் நம்பரும் போட்டாள். அதை ஊரே பார்க்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? வீட்டில் இருந்ததோ கணவன் ஜெகதீசனின் செல் ஒன்றுதான்.

நோட்ஸ் வரவில்லை. எவனெவனோ கூப்பிட்டான். "அண்ணாத்த, அம்சாகிட்ட குடு" என்று இளித்தான். ஜெகதீசன் அவளைத் திட்டவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டான்.

பரீட்சைக்கு முந்தின நாள், அவள் சோறு போடும்போது மறுபடி செல் அடித்தது. இந்த முறை பெண் குரல்; அவள் காதிலும் விழுந்தது.

"அம்சா அக்கா இருக்காங்களா? நாளைக்குப் பரீட்சை செங்கல்பட்டுல இல்லியாம், சென்டர மாத்தி..."

ஜெகதீசன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்டி யாரும் இந்த வூட்ல இல்லம்மா" என்று சொல்லிச் செல்லை வைத்துவிட்டான்.