வரிசையில் நின்ற பூட்ஸ்

1.

இந்தக் கதை இருமலில் பிறந்தது. இருமல் என்னுடையது. மருந்து வாங்க அறந்தாங்கியில் டாக்டர் குணசேகரனின் கிளினிக்குக்குப் போனேன். அவர் அங்கே இல்லை. ரிசர்வ் படையில் பெயர் கொடுத்திருந்தவர், சண்டை மூண்டு அழைப்பு வந்ததும் எல்லைக்குப் போய்விட்டார். பதிலுக்கு டாக்டர் நிலோஃபர் பார்க்கிறார்.

அங்கே டோக்கன் கிடையாது. வாசலில் செருப்பை வரிசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். செருப்புதான் ஆள். ஒருவர் உள்ளே போனதும் மிச்சச் செருப்புகளை யாராவது காலால் முன்னே தள்ளிவிடுவார்கள்.

2.

அன்று என் செருப்புக்கு முன்னால் ஒரு ஜோடி ராணுவ பூட்ஸ் நின்றது. ஈரமாக.

(முதல் வரைவில் 'ரத்தம் சொட்டச் சொட்ட' என்று எழுதி அடித்துவிட்டேன். ஊரில் மழையே இல்லை, ஈரம் போதும்.)

"யாரோடதுங்க?"

"டாக்டரோடது மாதிரி இருக்கு" என்றார் கம்பவுண்டர் இன்னாசி.

"அவரு போட்டுக்கிட்டுப் போனதுல்ல?"

"அதான் நானும் பாக்குறேன்."

சர்க்கரைக்குப் பார்க்க வந்த ஜமால் முகமது, "டாக்டருக்கு என்னங்க பயம்? பின்னாடி கூடாரத்துல உக்காந்து கட்டுப் போடுவாரு" என்றார்.

"குண்டு என்ன, படிப்பு கேட்டுட்டா வருது பாய்?"

சொல்லிக்கொண்டே இன்னாசி பூட்ஸை ஓர் இடம் முன்னால் தள்ளினார்.*

* எடுத்து ஓரமாக வைக்கலாமே என்பீர்கள். வரிசையிலிருந்து செருப்பை எடுத்தால் ஆள் இனி வரமாட்டார் என்று அர்த்தம். டாக்டர் விஷயத்தில் அதை யார் செய்வது?

3.

டாக்டரின் மனைவி திலகவதி கதறியபடி ஓடிவ

இல்லை. மாடி வீட்டிலிருந்து மெதுவாகத்தான் இறங்கி வந்தார். இடது பூட்ஸில் கயிறு அறுந்த இடத்தில் அவரே கட்டிவிட்ட பச்சை நாடா இருந்தது.

"டாக்டருக்குப் போன் போகுதாக்கா?" என்று கேட்டேன்.

"நேத்துலேருந்து போகலப்பா."

அதற்குள் பூட்ஸ் முதலிடத்துக்கு வந்திருந்தது. உள்ளே மணி அடித்தது. முதல் செருப்புக்காரரின் பெயரைக் கூப்பிட இன்னாசி வழக்கம்போல வாயைத் திறந்தார்.

"கூப்புடாதீங்கண்ணே! கூப்புட்டு அவரு வரலைன்னா?" என்ற திலகவதி, கொஞ்சம் நிறுத்தி, "வந்துட்டா?" என்றார்.

அவர் தன் செருப்பைக் கழற்றி பூட்ஸுக்கு முன்னால் வைத்தார். "எனக்குத் தலைவலி. நான் முன்னாடி போறேன்."

அவர் உள்ளே போனதும் ஜமால் முகமது தன் செருப்பை முன்னால் வைத்தார். பிறகு நான். பிறகு மறுபடியும் திலகவதி.

"உங்களை இப்பதானே பாத்தேன்?" டாக்டர் நிலோஃபரின் குரல் கேட்டது.

"மறுபடி வலிக்குது டாக்டர்."

4.

முடிவுகள். போன் வருகிறது, டாக்டர் பேசுகிறார்: எழுதிப் பார்த்தேன், அந்தக் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. படையிலிருந்து வேறு யாரோ பேசுகிறா

இதை முடிக்க மாட்டேன்.

ஆனால் சாயங்காலமாகிவிட்டது. எனக்கு இருமல் நின்றுவிட்டது. ஜமால் பாய்க்குச் சொல்ல வியாதி இல்லை. திலகவதி இன்னும் உள்ளேதான் இருக்கிறார். வெளியே வரும்போது வரிசையில் பூட்ஸ் மட்டும் நிற்கும். அடுத்த மணி அடிக்கப்போகிறது.

இவ்வளவு நேரம் நின்று வேடிக்கை பார்த்தீர்கள். உங்களுக்கும் எங்காவது வலிக்கத்தான் செய்யும்.

செருப்பைக் கழற்றுங்கள். சீக்கிரம்.