விஜயகுமாரி சொன்னதாக ஒரு வரி

1

காலையில் எழுகிறேன். கொசுவலையைச் சுருட்டுகிறேன். கெட்டிலில் தண்ணீர் வைக்கிறேன். டீத்தூள் ஒரு கரண்டி. முகச்சவரம். லுங்கியை உதறிக் கட்டிக்கொள்கிறேன். எதிரே பள்ளியின் கேட் திறக்கிறது. பிள்ளைகளின் சத்தம் நாலாவது மாடிவரை ஏறி வருகிறது. ஜன்னல் எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுவிடுகிறேன். டீயைக் குடித்துவிட்டுப் பான்ஸொடான் தெருவில் உள்ள சரக்குக் கப்பல் அலுவலகத்துக்கு நடந்து போகிறேன்.

இதில் கதை எதுவும் இல்லை. இது கதையாக இருக்கவும் வேண்டியதில்லை. பபேடானில் உள்ள எங்கள் சங்கம் மாதம் ஒருமுறை நாலு பக்கத்தில் ஒரு தமிழ்த்தாள் அச்சிடுகிறது. அதன் மூன்றாம் பக்கத்தில் 'பள்ளிச் செய்திகளும் வரப்போகும் நிகழ்ச்சிகளும்' என்று அரைப் பக்கம் உண்டு. இந்த மாதத்துக்கான அரைப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். கடைசிச் செய்தியில் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்து வந்ததுதான் நீங்கள் படிப்பது.

அந்த அரைப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தவள் என் மனைவி விஜயகுமாரி. எதிர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பள்ளியில் அவளுக்கு டோ நிலார் என்று பெயர்.*

போன மழைக்காலத்தில், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, ஆசிரியர் அறை மேசைமேல் தலையைச் சாய்த்தாள். பிறகு எழவில்லை. இருதயம் என்றார்கள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இதைக் கூட்டி எழுத எனக்கு வரவில்லை.

(* இங்கே பர்மாவில் நம்மவர்கள் பலருக்கு இரண்டு பெயர். ஒன்றை அம்மா கூப்பிடுவாள், மற்றொன்றைச் சர்க்கார் கூப்பிடும். நான் இரண்டையும் கூப்பிட்டதில்லை. எனக்கு அவள் குமாரி.)

2

தாளை நடத்துகிறவர் சின்னத்தம்பி அண்ணன். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மாடியேறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"அந்த அரைப் பக்கத்தை நீயே எழுதிரு, சிவா."

"எனக்கு எழுத வராதுண்ணே."

"வராட்டி என்னப்பா? தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் வீட்டுல பள்ளிக்கூடம் போற பிள்ளை இல்ல. பிள்ளை இருக்கிறவனுக்குத் தமிழ் படிக்க வராது. தப்பா எழுதினாலும் உன்னைப் பிடிக்க ஆள் கிடையாது."

அன்றிலிருந்து எழுதுகிறேன். இந்த மாதம் எழுதியது இது:

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் கொடுக்க இம்மாதக் கடைசி வரை நேரம் உண்டு. டவுன்ஷிப் பள்ளிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியில் நம் பள்ளி முதல் சுற்றில் தோற்றது. கீழ்த்தளத்துக் கழிவறைக் கதவுகள் மாற்றப்பட்டன. வரும் ஞாயிறு காலை, பள்ளி மண்டபத்தில், பழைய மாணவர்கள் நடத்தும் ஆசிரியர் கடோ. அதில் —

[இங்கே நிறுத்தினேன்.]

கடோவைப் பார்த்திராதவர்களுக்காக: ஆசிரியர்களை மேடையில் வரிசையாக நாற்காலியில் உட்கார வைப்பார்கள். வளர்ந்து, வேலைக்குப் போய், சிலர் பிள்ளையும் பெற்றுவிட்ட மாணவர்கள் கீழே பாய்மேல் மண்டியிட்டு மூன்று முறை தலை தாழ்த்துவார்கள். தலை தாழ்த்தும் வழக்கம் இல்லாதவர்கள் இரு கையாலும் பரிசை நீட்டிவிட்டு நகர்வார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதன் பிறகு ஆசிரியர்கள் முறைவைத்துப் புத்திமதி சொல்ல வேண்டும். அதற்கு ஒவாதா என்று பெயர். ஒவாதா இல்லாத கடோ, சாப்பாடு இல்லாத கல்யாணம் மாதிரி.

எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. இறந்த ஆசிரியருக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். அதில் படம் இருக்கும். அவருடைய ஒவாதாவை வீட்டார் எழுதிக் கொடுக்க, மாணவர் ஒருவர் வாசிப்பார். கடைசியாகச் சொன்ன வார்த்தையாக இருந்தால் மிகவும் நல்லது.

3

கேட்டு வந்தவர்கள் பல்கீஸும் ஷாநவாஸும். இருவரும் அவளிடம் எட்டாம் வகுப்புக் கணக்குப் படித்தவர்கள். பல்கீஸ் இப்போது துணிக்கடையில் நிற்கிறாள். ஷாநவாஸ் செல்போன் பழுதுபார்க்கிறான். ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுவந்தார்கள்.

"அண்ணே, ஸாயாமாவோட ஒவாதா வேணும். ஒரு வரி போதும். நான்தான் வாசிக்கிறேன்."

"என்ன எழுதணும்?"

"அவங்க கடைசியாச் சொன்னது. ஏதாவது சொல்லியிருப்பாங்க நொ?"

'ஸாயாமா' என்றால் டீச்சர். 'நொ' என்பது பர்மிய வால். இங்கே தமிழிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. 'அப்படித்தானே' என்று பொருள். குமாரியும் சொல்வாள்.

"உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன்.

ஷாநவாஸ் சிரித்தான். "என்னை 'ஏய் தூங்குமூஞ்சி, எழுந்து நின்னு தூங்கு'ன்னுவாங்க."

"அதையா பேனர்ல போட முடியும்?" என்று பல்கீஸ் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "படத்துக்குக் கீழே அந்த வரிய அடிக்கப்போறோம்ணே, பெரிசா. ஸாயாமாவோட வார்த்தை. எங்களுக்கு வேற எதுவும் இல்ல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, ஆரஞ்சைப் பார்த்தாள்.

"எழுதித் தர்றேன்" என்றேன்.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அதைப் பேனரில் போட முடியாது.

4

முதல் வரைவு: பிள்ளைகளே, கல்வியே உங்கள் —

[இல்லை. அவள் வாயிலிருந்து 'கல்வி' வந்து நான் கேட்டதில்லை. 'படிப்பு' என்பாள்.]

இரண்டாம் வரைவு: உங்கள் ஒவ்வொருவரிலும் நான் ஒரு —

[இதை எழுதியவனை எனக்குப் பிடிக்கவில்லை.]

மூன்றாம் வரைவு: தப்பாகப் போட்டாலும் கணக்கை முழுசாகப் போடுங்கள். பாதியில் விட்ட கணக்கைத் திருத்த முடியாது.

இதை அலுவலகத்தில், ஒரு சரக்குப் பெட்டி எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது எழுதினேன். அவள் இப்படிச் சொன்னதில்லை. ஆனால் சொல்லியிருக்கக்கூடும். பர்மிய மொழியில் மாற்றிப் பார்த்தேன். இன்னும் நன்றாக இருந்தது.

வாசகரே, உங்களுக்கும் பிடித்திருக்கும். சிக்கல் அதுதான்.

5

இந்த வரியைச் சொல்லும் டோ நிலார் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். அவள் நேராக நிற்கிறாள். வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியும் கசங்குவதே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் பேசுகிறாள்.

குமாரி வீட்டுக்கு வந்ததும் தரையில் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வாள். சிவப்புப் பேனாவின் மூடியால் காது குடைவாள். பரீட்சைத் தாள் திருத்தும்போது வாய்விட்டுச் சிரிப்பாள்.

"ஏங்க, இங்க பாருங்க. ஒரு பஸ்ஸோட வேகம் கேட்டா, டிரைவருக்கு வயசு நாற்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கு இது."

"பூஜ்யம் போடு."

"பாவம், அரை மார்க் போடலாம். வயசு சரியாத்தான் இருக்கும்."

மாதாமாதம் அரைப் பக்கத்தை அவள் எழுதும் விதம் இதுதான்: சாப்பிட்டுக்கொண்டே சொல்லுவாள், நான் எழுதிக்கொள்வேன். செய்தி இரண்டு வகை. அச்சில் வருவது, வராதது. எந்த டீச்சர் ஆசிரியர் அறையில் துணி விற்கிறாள், தலைமையாசிரியர் எந்தக் கூட்டத்தில் தூங்கிவிட்டார் என்பதெல்லாம் வராதது. அந்தப் பாதி எனக்கு மட்டும். அதற்குச் சந்தா கிடையாது.

ஜூனில் பள்ளி திறக்கும். அன்று நிச்சயம் மழை பெய்யும். புதிதாகச் சேர்ந்த குட்டிகள் கேட்டுக்கு உள்ளே நின்று அழும். அம்மாமார்கள் கேட்டுக்கு வெளியே குடைக்கடியில் நின்று அழுவார்கள். வகுப்புக்கு நேரமிருந்தால் அவள் மாடிக்கு ஓடிவந்து, என்னையும் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போவாள்.

"அந்த நீலக் குடை தோத்துரும் பாருங்க. பிள்ளை நிறுத்திருச்சு, அம்மா இன்னும் நிறுத்தல."

அந்த மாதச் செய்தியில், 'இவ்வாண்டு அழுகை சென்ற ஆண்டைவிடக் குறைவு' என்று எழுதச் சொன்னாள். சின்னத்தம்பி அண்ணன் அடித்து நீக்கிவிட்டார். அடுத்த ஆண்டும் எழுதச் சொன்னாள். அடுத்த ஆண்டும் அடித்தார்.

[இந்தப் பகுதியை நான் நிறுத்த விரும்பவில்லை. இருந்தாலும் நிறுத்த வேண்டும். கதை நகரவில்லை.]

6

மூன்றாம் வரைவைச் சின்னத்தம்பி அண்ணனுக்குச் செல்போனில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்படியே நம்ம விஜயா பேசுதுப்பா. எனக்கு அதோட குரலே கேட்டுச்சு."

"அது..."

"எப்பச் சொல்லுச்சு இத?"

"சொன்னா" என்றேன்.

"இதைத் தாள்ல கட்டம் கட்டிப் போடுறேன். சங்கத்துச் சுவத்துலயும் எழுதி வைக்கணும்."

அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பொய் சொன்ன கூச்சம்கூட இல்லை. குமாரி போனதிலிருந்து அநேகமாக எதுவும் தோன்றுவதில்லை.

மறுநாள் காலை, டீ ஆற்றும்போது, அந்த வரி காதில் கேட்டது. பாதியில் விட்ட கணக்கைத் திருத்த முடியாது. அவள் குரலில். அவளுக்கே உரிய அந்தச் சின்னக் கரகரப்போடு. நான் எழுதிய பொய்யை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், நன்றாகவே சொன்னாள்.

அவள் உண்மையில் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். சொற்கள் இருந்தன. குரல் இல்லை. குரலை அந்த வரி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

டீ ஆறிப்போனது. அப்போது பயம் வந்தது. இத்தனை மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அது.

இந்தக் கதையில் என்ன பணயம் என்று கேட்பவர்களுக்கு: இதுதான். ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் அதைக் கேட்பார்கள். சுவரில் ஏறும். எல்லோருக்கும் அது அவளுடைய வார்த்தையாகிவிடும். பிறகு எனக்கும்.

7

இன்று மதியம் பல்கீஸ் கூப்பிட்டாள்.

"அண்ணே, சாயங்காலத்துக்குள்ள வரி வேணும். பேனர் கடை ஆறு மணிக்குச் சாத்திருவாங்க."

"பல்கீஸ், அவ சொன்னது ரொம்பச் சாதாரணமா இருந்தா?"

"எவ்வளவு சாதாரணம்?"

"வீட்டுப் பேச்சு."

எதிர்முனையில் யாரோ மீட்டர் விலையைக் கேட்டார்கள். பல்கீஸ் பர்மிய மொழியில் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அண்ணே, நான் வாசிக்கிறப்ப அழுதுருவேன்னு ஷாநவாஸ் பந்தயம் கட்டியிருக்கான். அழற மாதிரி இருக்கணும்னு நான் கேட்கல. அவங்க சொன்னதா இருக்கணும். அவ்வளவுதான். ஆனா இருநூறு பேர் உட்கார்ந்திருப்பாங்க, அதையும் பார்த்துக்குங்க."

இரண்டு பக்கமும் பேசிவிட்டு வைத்துவிட்டாள். அவளுடைய ஸாயாமாவும் இப்படித்தான்.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. மூன்றாம் வரைவைக் கொடுக்கிறேன். பல்கீஸ் வாசிக்கிறாள், அழுகிறாள், பந்தயத்தில் தோற்கிறாள். தலைகள் மூன்று முறை தாழ்கின்றன. யாருக்கும் நஷ்டம் இல்லை. யாரோ ஒருவர் பல வருடம் கழித்துத் தன் பிள்ளையிடம் அதைச் சொல்லுவார், பிள்ளைக்கு அது உதவவும் செய்யும். நான் தெருவைக் கடந்து வீட்டுக்கு வருகிறேன். மாடி ஏறுகிறேன். வீட்டில் —

[வீட்டில் என்ன இருக்கும் என்று எழுதவில்லை.]

ஆ. எதையும் கொடுக்கவில்லை. போகவும் இல்லை. பள்ளி ஒலிபெருக்கி நாலு மாடி ஏறி வந்துவிடும். டோ நிலார் என்று பெயர் சொல்லி, வரி இல்லாததால் அடுத்த பெயருக்குப் போவார்கள். அந்த இடைவெளி எவ்வளவு நேரம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இ. உண்மையைக் கொடுக்கிறேன். மண்டபம் அமைதியாகிறது. பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். அப்புறம் —

[அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்பது தெரிந்தால் இந்த முடிவை எழுதிவிடுவேன். பஸ் டிரைவரின் வயதுக்கு அவள் சிரித்தாளே, அப்படிப்பட்டதாக இருந்தால் சரி. வேறு மாதிரி இருந்தால்?]

8

மணி ஐந்தாகப் போகிறது. எதிரே பள்ளி விட்டாயிற்று. மண்டபத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கிறது.

ஒரு வரியை ஏற்கெனவே உங்களிடம் கொடுத்துவிட்டேன். இன்னொன்றையும் கொடுக்கப் போகிறேன். எதைப் பல்கீஸிடம் சேர்ப்பது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் செய்ய மாட்டேன். இரண்டாவது வரி என்னைத் தவிர இன்னொருவர் காதிலும் விழுந்திருந்தால் போதும். பேனரில் எது ஏறினாலும், இது எங்கேயோ ஓரிடத்தில் இருக்கும்.

அன்று காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒரு மாடி இறங்கியிருப்பாள். திரும்பி ஏறச் சோம்பல் பட்டு அங்கிருந்தே கத்தினாள். வாய் நிறைய நுரை இருந்ததால் நான் 'ம்' என்று மட்டும் சொன்னேன். அது அவளுக்குக் கேட்டிருக்காது. அவள் சொன்னது:

"ஏங்க, அவிச்ச பட்டாணி மிச்சம் இருக்கு, கொட்டிடாதீங்க. ராத்திரிக்கு வெங்காயம் போட்டு வதக்கிக்கலாம் நொ."